ரேஞ்சர் நம்ம ஆளுங்க!

இவருக்குப் பெயர் வேண்டாம். கோவைப் பக்கம் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார். பம்ப்செட் உதிரிபாகப் பட்டறை, நாற்பத்தைந்தைத் தாண்டிய வயது, லேசாக எட்டிப்பார்க்கும் சர்க்கரை, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஒரு வண்டி. அதன் கூரையில் ஜெர்ரிகேன், மண்வெட்டி. முன்பம்பரில் கயிறு சுற்றிய வின்ச். ஆற்றுக்குள் இறங்கினாலும் இன்ஜின் மூச்சுவிட வேண்டுமென்று பக்கவாட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குழாய். மழை நாளில் ரயில்வே பாலத்தடியில் தேங்கும் தண்ணீரைத் தவிர வேறு எந்த நீர்நிலையையும் அந்த வண்டி கடந்ததில்லை.

திங்கட்கிழமை சர்வீஸுக்கு விடும்போது, வாஷ் பண்ணுகிற பையனிடம் தனியாக ஒரு வார்த்தை சொல்வார். "தம்பி, கண்ணாடி மட்டும் கழுவு. கதவுல இருக்கற சேறு அப்பிடியே இருக்கட்டும்." அந்தச் சேறு சனிக்கிழமை வரை ஊருக்குள் சுற்றிவர வேண்டும். நாலு பேர் கேட்க வேண்டும்.

நாட்டில் இவருக்கு ஒரே ஒரு குறைதான். காட்டுக்குள் போகும் ரோடுகளுக்குக் கேட் போட்டிருக்கிறார்கள். சேத்துமடையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு டாப்ஸ்லிப் வரைக்கும் தார்ரோட்டில் போவது இவரைப் பொறுத்தவரை காட்டுக்குப் போனதில் சேராது. அங்கிருந்து ஒரு மண்பாதை பிரிந்து மூங்கிலுக்குள் மறைகிறது பாருங்கள், குறுக்கே சங்கிலியும் பூட்டும் தொங்குகிறதே, அதுதான் காடு. சங்கிலிக்குப் பக்கத்தில் நிற்கும் வனக்காவலரிடம் போவார்.

"ஏனுங்க தம்பி, அந்தச் சங்கிலியக் கொஞ்சம் கழட்டி உடுங்க. ஒரே ரவுண்டு போயிட்டு வந்தர்றோம்."

"அது கூப்பு ரோடுங்க சார். டிபார்ட்மென்ட் ஜீப்பு மட்டுந்தான் போகும்."

"டிபார்ட்மென்ட் ஆரு காசுல நடக்குது? நம்ம வரிப்பணந்தானுங்களே?"

"ஆமாங்க."

"அப்ப ரோடும் நம்மளுதுதானே?"

"ஜெயிலும் வரிப்பணத்துலதானுங்க சார் கட்டியிருக்காங்க."

இந்த இடத்தில்தான் அந்த மந்திரம் வரும். "ரேஞ்சர் நம்ம ஆளுங்க." சொல்லிக்கொண்டே போனை எடுத்து வானத்தை நோக்கி நீட்டுவார். டவர் கிடைக்காத இடங்களில் மட்டுமே இவருக்கு ரேஞ்சர் ஞாபகம் வருவது எப்படி என்று தெரியவில்லை. காவலர் பொறுமையாகப் பெயரைக் கேட்டுக்கொண்டு சொல்வார்: "அவரு மாறுதலாகிப் போயி நாலு வருசமாச்சுங்க."

நம்மவர் சட்டம் தெரியாதவர் அல்ல, கூடவே வரும் வக்கீல் மச்சான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் போக என்னென்ன காரியங்களுக்கு அனுமதி தரலாம் என்று வரிசை போடுகிறது: வனவிலங்கு பற்றிய ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவரோடு முறையான கொடுக்கல் வாங்கல். அனுமதியை எழுதிக் கேட்டு வாங்க வேண்டும் என்ற பகுதியை மச்சான் சொல்லவில்லை போலிருக்கிறது. ஐந்தையும் ஐந்து நிமிடத்தில் நம்மவர் முயன்று பார்த்துவிடுவார். கழுத்தில் கேமரா தொங்குகிறது. பெரியப்பா பேரன் யானையைப் பற்றி ஏதோ எழுதப்போகிறான். உள்ளே பழங்குடிச் செட்டில்மென்ட்டில் ஒருத்தரிடம் தேன் வாங்கவேண்டியிருக்கிறது. காவலர் எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்பார். சங்கிலி மட்டும் அசையாது.

அதே சட்டத்தின் 27ஆம் பிரிவில் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பொது நெடுஞ்சாலை வழியாகச் சரணாலயத்தைக் கடந்துபோகிறவரைத் தடுக்க முடியாது. ஆகவே நம்மவர் கடந்துபோகிறவராகிவிடுவார். அதற்கு அவர் பிடிப்பது காட்டுக்குள் ஏறும் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. 2022 பிப்ரவரியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை அங்கே காரும் போகக்கூடாது. லாரிகளுக்கு மாலை ஆறு மணிக்கே அடைப்பு. முதுமலையைத் தாண்டி பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலையில் 2009லிருந்தே இரவுத் தடை. இவர் எட்டே முக்காலுக்குத் திம்பம் அடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டைத் தொடுவார். பின்சீட்டிலிருந்து வீட்டம்மா, "பண்ணாரியம்மனைக் கும்பிட்டுட்டு ஊட்டுக்குத் திரும்பிரலாமுங்க" என்பது காதில் விழாது. வளைவு வளைவாக ஏறும்போது ஒரு திருப்பத்தில் வண்டி 'சூடாகிவிடும்'. கூரைமேல் இருக்கும் நாலு விளக்கும் பளீரென்று எரிந்து, சரிவில் சிறுத்தையைத் தேடும். அந்த நேரத்தில் அவர் எங்கேயும் கடந்துபோய்க்கொண்டிருக்கவில்லை என்பதைச் சிறுத்தைதான் சாட்சி சொல்ல வேண்டும்.

"ரோடு போட்டதே ஜனங்க போறதுக்குத்தானுங்களே" என்பது இவருடைய தத்துவம். கூப்பு ரோடுகள் மரத்துக்காகப் போட்டவை. வெள்ளைக்காரன் காலத்தில் ஆனைமலைத் தேக்கை வெட்டி மலையுச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயர். மரம் வெட்டு நின்றபின் ரோந்துக்கும் தீயணைக்கவும் அந்தப் பாதைகள் பயன்படுகின்றன. இதைச் சொன்னால், "பாத்தீங்களா, மரத்துக்குக்கூட ரோடு போட்டுருக்காங்க, மனுசனுக்குக் கெடையாது" என்பார். பதில் சொல்ல முடியாத மனிதர்.

ஆனால் மனிதருக்கு ரோடு கேட்டால் என்ன சொல்வார் என்று நான் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். மலைக் கிராமங்களில் இன்றைக்கும் பிள்ளைத்தாய்ச்சியையும் நோயாளியையும் கம்பில் தொட்டில் கட்டித் தூக்கி வருகிறார்கள். இப்படிப்பட்ட ஊர்களுக்குச் சாலை, பள்ளி, மருந்தகம் போன்றவை வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலத்தை எடுத்துக்கொள்ள 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வழி செய்கிறது. வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும். விவரத்தைச் சொன்னதும் நம்மவர் முகம் மாறிவிட்டது. "அங்கெல்லாம் ரோடு போட்டா காடு கெட்டுப்போயிருமுங்க. யானைக்கு எவ்வளவு சிரமம்?" அன்றைக்கு அவரைவிடப் பெரிய இயற்கை ஆர்வலரைக் கோவை ஜில்லாவில் நான் பார்க்கவில்லை.

சரி, காடு பார்க்க ஆசைப்படுகிற மனுஷனுக்கு நியாயமாக ஒரு வழி வேண்டாமா? வேண்டும்தான். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறிகள் இறந்ததும் அரசு மலையேற்றத்துக்கு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' வந்தது: 14 மாவட்டங்களில் 40 பாதைகள், முறையான அனுமதி, காட்டை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகள், அவர்களில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. டாப்ஸ்லிப் பக்கமும் பாதை உண்டு. நம்மவரின் பல வருடப் போராட்டத்துக்கு வெற்றி என்று நினைத்து நானே போய்ச் சொன்னேன்.

"வண்டி எதுவரைக்கும் போகுமுங்க?"

"வண்டி போகாது. நடக்கணும்."

"நடக்கறதுங்களா?" என்றார். பிறகு வெகுநேரம் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தவராக, "எல்லாருக்கும் தொறந்து உட்டுட்டாங்கன்னா அப்புறம் அங்க என்னங்க இருக்கு?" என்றார்.

காடு அவருக்கு வேண்டியதில்லை. பூட்டியிருக்கும் கேட் வேண்டும், அதைத் தனக்கு மட்டும் திறந்துவிட ஒரு ஆள் வேண்டும். நமக்கு அப்படி ஒரு ரேஞ்சர் இல்லாததால் வழி சுலபம். நாற்பது பாதைக்கும் இணையத்தில் முன்பதிவு செய்யலாம். தீப்பிடிக்கும் கோடை மாதங்களில் மூடிவிடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலும் நல்ல செருப்பும் போதும், வின்ச் வேண்டாம்.