மருந்து என்று சொன்னால் இனிக்கும்

ஹாங்காங்கிலும் குவாங்டாங்கிலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கும் இனிப்புக் கஞ்சிகளுக்குத் தாங் சுய் என்று பெயர். கறுப்பு எள், தாமரை விதை, வெண்காளான், பாதாம் பிசினைப் போலவே ஊறி உப்பும் பீச் மரப் பிசின் என்று பல வகை உண்டு. வெயில் காலத்துக்குப் பச்சைப்பயறு, குளிருக்கு இஞ்சி. 'உடம்பு சூடாகிவிட்டது' என்று சொல்லும் பாட்டிகள் அங்கேயும் இருக்கிறார்கள்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் தாங் சுய் தேடி அலைவது வீண். இங்கே சீனா என்பது ஃப்ரைட் ரைஸும், சீனர்கள் கேள்விப்பட்டிராத கோபி மஞ்சூரியனும்தான். ஆனால் அதன் சித்தப்பா பிள்ளைகள் தள்ளுவண்டியில் உண்டு.

மூத்தவர் மதுரையிலிருந்து வந்த பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, அரைத்து, பாலைப் பிழிந்து, அரிசிமாவோடு காய்ச்சி, கருப்பட்டியோ வெல்லமோ கரைத்து, சுக்கும் ஏலமும் தேங்காய்த் துருவலும் சேர்ப்பார்கள். அடிபிடிக்காமல் கிண்டுவதுதான் வித்தை. இருமலுக்கு நல்லது என்பார்கள். இருமாதவர்களும் இரண்டாவது டம்ளர் கேட்பதால், அந்தக் காரணத்தை யாரும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை.

பருத்திக்கொட்டையில் காசிபால் என்ற பொருள் உண்டு. 1970-களில் சீனாவில் அதை ஆண்களுக்கான கருத்தடை மாத்திரையாக ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, சிலருக்குக் கருவளம் திரும்பவே இல்லை, திட்டத்தைக் கைவிட்டார்கள். வேகவைத்தால் அதன் வீரியம் பெருமளவு அடங்கிவிடும். மதுரையின் மக்கள்தொகையும் அப்படித்தான் சொல்கிறது.

விடியற்காலை வண்டிகளில் இனிப்புக்கு இடமில்லை. அங்கே முடவாட்டுக்கால் சூப்புக்குத்தான் மவுசு. கொல்லிமலைப் பாறைகளில் படரும் பெரணியின் கிழங்கு அது, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுக் கொதிக்கும். மூட்டுவலிக்கு என்று குடிக்கிறார்கள். அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு பெரணியைச் சீன வைத்தியர்களும் எலும்புக்குத்தான் கொடுக்கிறார்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் ஒரு சொந்த இலக்கணம் உண்டு. காலையில் ஆவடியின் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வேர்க்க வேர்க்க நடப்பார்கள். மாலையில் பருத்திப்பால் வண்டியில், "கருப்பட்டிதானே, ஒண்ணும் பண்ணாது" என்று டம்ளரை நீட்டுவார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். இதை வண்டிக்காரர் சொல்லமாட்டார். ரத்தப் பரிசோதனைக்காரர் சொல்வார்.

குடிக்க விரும்புகிறவர்கள் சூப்புக்கு ஏழு மணிக்குள்ளும், பருத்திப்பாலுக்கு இருட்டுவதற்கு முன்பும் போய்விடவேண்டும். பிந்தினால் பக்கத்துக் கடையில் டீ கிடைக்கும்.