பவேரியாவில் ஒரு நாமக்கல் கிளீனர்

நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்தி "நான் கேம் விளையாடுவேன்" என்று சொன்னால், நம்மூரில் கேட்பவர் முதலில் அக்கம்பக்கம் பார்ப்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு போச்சு?" என்பார். எல்லாம் ரம்மி செய்த வேலை. கேம் என்றாலே கடன், அடகு, தலைமறைவு என்ற வரிசையில்தான் இங்கே மனசு ஓடுகிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பூட்டு என்று 2025-இல் தமிழ்நாட்டில் விதி வந்தபோது, சித்தி போன் செய்து, "இனியாவது நேரத்துக்குத் தூங்குவியா?" என்றாள். அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்த ஆட்டங்களையே தடை செய்தது. சித்தி மறுபடியும் கூப்பிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில், "எல்லாம் மூடிட்டாங்களாமே?" என்றாள்.

நான் ஆடுவது அது இல்லை சித்தி. நான் ராத்திரியில் லாரி ஓட்டுகிறேன்.

பகலில் வங்கியில் நகைக்கடன் பிரிவு. இரவில் பாத்திரம் கவிழ்த்து, பாலுக்கு உறை ஊற்றி, கேஸை மூடிவிட்டு உட்கார்ந்தால், ராட்டர்டாமில் மரக்கட்டை ஏற்றிய டிரெய்லர் எனக்காகக் காத்திருக்கும். விடிவதற்குள் மியூனிக் போக வேண்டும். யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 என்று பெயர். செக் நாட்டின் பிராக் நகரத்துக்காரர்கள் 2012-இல் வெளியிட்டது. இதில் துப்பாக்கி கிடையாது, பேய் கிடையாது, காப்பாற்ற வேண்டிய இளவரசி கிடையாது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் அபராதம். இரவில் விளக்குப் போடாமல் ஓட்டினால் அபராதம். சரக்கு அடிபட்டால் வாடகையில் பிடித்தம். தூங்காமல் ஓட்டினால் திரையே கண் சொருகும். அதாவது, வேலைக்குப் போய் வந்த களைப்பு தீர இன்னொரு வேலைக்குப் போகிறேன். என் கணவருக்கு இது புரிந்ததே இல்லை. ஒன்பதரைக்கு மேல் யாராவது போன் செய்து என்னைக் கேட்டால், "அவ லோடு ஏத்திட்டுப் போயிருக்கா" என்று முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கேம் பைத்தியம் என்று என்னைச் சொன்னால் எனக்குக் கோபம் வராது. பைத்தியத்திலும் நான் எளிய ரகம். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் என்று ஒன்று உண்டு. முதல் பதிப்பு வந்தது 1982-இல். விண்டோஸ் பிறந்ததே 1985-இல்தான். மனிதர்களுக்கு ஜன்னல் திறந்து காட்டுவதற்கு முன்பே விமானம் ஓட்டக் கொடுத்துவிட்டார்கள். அதை ஆடுபவர்களுக்காக வாட்சிம் என்றொரு வலையமைப்பு 2001-இலிருந்து இயங்குகிறது. அதில் ஒரு கூட்டம் வீட்டிலிருந்தபடி பொய் விமானம் ஓட்டும். இன்னொரு கூட்டம் வீட்டிலிருந்தபடி, காதில் ஹெட்போனோடு, அந்தப் பொய் விமானங்களுக்கு இறங்க வரிசை ஒதுக்கித் தரும். சம்பளம் கிடையாது. பரீட்சை மட்டும் உண்டு. ஃபார்மிங் சிமுலேட்டர் என்ற விவசாய கேமுக்கு ஐரோப்பாவில் போட்டித் தொடரே நடந்திருக்கிறது; அணி அணியாக வந்து டிராக்டரில் வைக்கோல் கட்டு அடுக்கினார்கள், கூட்டம் கை தட்டியது. இவர்களோடு ஒப்பிட்டால் நான் வெறும் வாடகை லாரி.

இத்தனைக்கும் விளையாட்டுக்கு எதிரி இல்லை நம் ஊர். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தவர்கள் நாம். குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது எங்கள் கிளையில் வாடிக்கையாளருக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தோம். ஒரு பையன் எட்டு மணி நேரம் மரக்குதிரையை முறைத்துக்கொண்டிருந்தால் அது தவம். நான் இரண்டு மணி நேரம் பல நூறு குதிரைசக்தி இன்ஜினை ஓட்டினால் அது வியாதி. எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டுக்கு மரியாதை வேண்டுமென்றால் அதில் கோப்பை கிடைக்க வேண்டும், அல்லது அது பார்க்க வேலை மாதிரி இருக்க வேண்டும். கோப்பைக்கு எனக்கு வழியில்லை. இரண்டாவது வழியில் எனக்குக் கதவு திறந்தது.

முதலில் திறந்தவள் அம்மா. ஸ்டார்ட்யூ வேலி என்ற கேமில் நான் தோட்டம் போட்டிருந்தேன். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து, படம், இசை, கதை எல்லாம் தானே செய்து 2016-இல் வெளியிட்ட கேம் அது. தாத்தா விட்டுப்போன நிலத்துக்குப் பேரப்பிள்ளை திரும்பி வந்து விவசாயம் பார்க்கிற கதை. அம்மா பின்னால் நின்று பார்த்தாள். கேரட்டுக்கு வெளுத்துப்போன பங்காளி மாதிரி ஒரு கிழங்கை நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

"வெதைச்சு எத்தனை நாளாச்சு?"

"நாலு நாள்."

"வித்தாச்சா?"

"வாசல்ல ஒரு பெட்டி இருக்கும்மா. அதுல போட்டா ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போயிடுவாங்க. காலையில பணம் வந்துடும்."

"தரகு?"

"கிடையாது."

"மண்டிக்காரன் எடையில அடிக்க மாட்டானா?"

"மண்டியே கிடையாதும்மா. வெலையும் எறங்காது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இப்படி ஒரு ஊரு இருக்கறது தெரிஞ்சிருந்தா நம்ம தோட்டத்தை எதுக்கு வித்தோம்?" என்றாள். அதிலிருந்து காபி கொடுக்கும்போது, "இன்னிக்கு என்ன போட்டிருக்க?" என்று கேட்பாள். நெல்லும் உண்டு என்று காட்டினேன். தண்ணீர்க் கரையோரம் நட்டால் தினமும் பாய்ச்ச வேண்டியதில்லை. அது மட்டும் அவளுக்கு உடனே சரியாகப் பட்டது.

எல்லா வேலையும் இப்படி மரியாதை வாங்கித் தந்துவிடாது. பவர்வாஷ் சிமுலேட்டர் என்று ஒரு கேம். அழுக்குச் சுவர், அழுக்கு வண்டி, அழுக்குத் தோட்டம், எல்லாவற்றையும் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கழுவி முடித்ததும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். அந்த சத்தத்துக்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கணவர் பார்த்தார். மொட்டை மாடித் தொட்டி கழுவாமல் கிடப்பதை நினைவுபடுத்தி, "வேணும்னா நான் பக்கத்துல நின்னு டிங் சொல்றேன்" என்றார். அந்த கேமை வீட்டில் ஆள் இல்லாதபோது மட்டும் ஆடுகிறேன்.

பெரிய அங்கீகாரம் நாமக்கல்லிலிருந்து வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. நாமக்கல்லில் லாரி இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாமா லேலண்ட் வண்டியில் நேஷனல் பர்மிட்டில் இந்தியா முழுக்க ஓட்டி, இப்போது முட்டி வலியோடு ஓய்வில் இருக்கிறார். கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்தவர், ஆபரேஷன் முடிந்து நல்ல கண்ணோடு முதலில் பார்த்த உருப்படியான காட்சி, அவருடைய அக்கா மகள் நைட்டியோடு ஸ்கேனியா ஓட்டுவது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, லோடு என்ன?"

"மரம்ங்க மாமா."

"தார்ப்பாய் போட்டயா? கயிறு இழுத்துக் கட்டோணுமே?"

"அதெல்லாம் அவங்களே கட்டிக் குடுத்துருவாங்க."

"அட அக்குறும்பே! அவனுக கட்டுனதை நம்பியா வண்டிய எடுத்த?"

அன்று முதல் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மாமா பக்கத்தில் ஆஜர். ரோட்டைப் பார்த்து மயங்கினார். இப்படி ஒரு ரோட்டில் எண்பதுக்கு மேல் ஏன் போகவில்லை என்று கோபப்பட்டார். ஜெர்மனியில் லாரிக்கு எண்பதுதான் உச்சம் என்றேன். "அப்புறம் எதுக்கு இத்தன நல்ல ரோடு?" என்றார். கேலேயில் கப்பலேறி டோவரில் இறங்கியதும் வண்டிகள் இடது பக்கம் ஓடுவதைப் பார்த்து, "இப்பத்தான் மனுசங்க ஓட்டற மாதிரி இருக்குது" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். கேமில் நம் பாட்டையே போட்டுக்கொள்ள வசதி உண்டு என்று தெரிந்ததும் இளையராஜா வேண்டும் என்றார். பவேரியாவின் நள்ளிரவில், மழையில், வைப்பர் ஆட ஆட, எண்பதுகளின் இளையராஜா. பவேரியாவுக்கு அது பொருந்தாது என்று சொல்பவன் ராத்திரி வண்டியில் போகாதவன்.

அவருக்குக் கடைசி வரை செரிக்காதது தூக்கம். கொட்டாவிச் சத்தம் வந்ததும் நான் வண்டியை ஓரங்கட்டி டிரைவரைத் தூங்க வைத்தேன்.

"எறக்கறதுக்கு நேரமாகாதா?"

"தூங்காம ஓட்டுனா ஃபைன் போடுவாங்க மாமா. நெஜத்துலயும் அங்க அப்படித்தான். நாலரை மணி நேரம் ஓட்டுனா முக்கா மணி நேரம் நிறுத்தியே ஆவணும். ஒரு நாளைக்குப் பொதுவா ஒம்பது மணி நேரந்தான்."

நம் நாட்டிலும் 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் பொதுவாக எட்டு மணி நேரம்தான் என்று இருந்ததைக் கூகுளில் தேடிக் காட்டினேன். மாமா போனை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். "இதுல நம்ம முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கானா?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

போய்ச் சேர்ந்ததும் டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கஷ்டமான இடம் என்றால் கூடுதல் புள்ளி. வேண்டாம் என்றால் நிறுத்தாமலே போய்விடலாம். நான் அதுவரை போய்விடுகிற கட்சி. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்பக்கம் வலது பக்கம் போகும். என் மூளை நகைக்கடனுக்குப் பழகியது. மாமா விடவில்லை. எழுந்து நின்றார். முட்டி வலியைக் காணோம். கம்ப்யூட்டர் மேஜையின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டி ஆரம்பித்தார்.

"வா... வா... வா... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... நேராக்கு... வா... வா... கொஞ்சமா வா..."

இரண்டு தட்டு. நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன். கட்டம் பச்சையானது. மணி பன்னிரண்டரை. கீழ்வீட்டுக்காரர் அழைப்பு மணியை அடித்தார். கணவர் கதவைத் திறந்து, "ஒண்ணுமில்ல சார், வண்டி பின்னால எடுத்தாங்க" என்றார்.

மாமா ஊருக்குப் போன பிறகும் போன் வருகிறது. சித்தி மாதிரி எவ்வளவு போச்சு என்று கேட்பதில்லை. வண்டி எங்கே நிற்கிறது, ரிட்டன் லோடு கிடைத்ததா, வாங்கிய கடனில் எவ்வளவு அடைத்தாய் என்று முறையாகக் கேட்பார். கேமில் பேங்க் கடன் வாங்கித்தான் சொந்த வண்டி எடுத்தேன். வங்கிக்காரியாக நான் வெட்கப்படுகிற அளவுக்குச் சுலபமாகக் கொடுத்தார்கள். இப்போது ஐந்து வண்டி, இரண்டு ஊரில் ஷெட், நாலு டிரைவர். இதையெல்லாம் சந்தோஷமாகச் சொன்னேன். மாமா அதைவிட சந்தோஷமாகப் புக்கிங் ஆபீஸில் போய்ச் சொல்லியிருக்கிறார். என் அக்கா மகளுக்கு யூரோப்பில் ஐந்து வண்டி ஓடுகிறது என்றாராம். எந்த யூரோப் என்று சொல்லவில்லை.

நேற்று மத்தியானம், கவுன்டரில் ஒரு அம்மாவின் நெக்லஸை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ராசிபுரம் பக்கத்துப் பையனாம். ஹெவி லைசென்ஸ் எடுத்துப் பத்து வருஷம் ஆகிறது, பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, இடது பக்கம் வலது பக்கம் எதிலும் ஓட்டுவேன் என்றான். மாதச் சம்பளமா, டிரிப்புக்கு இவ்வளவு படி என்றா என்று மட்டும் தெரிந்தால் போதுமாம்.

"தம்பி, நீங்க மாமாகிட்டயே பேசிக்கங்க. மேனேஜரு அவருதான்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.