தவிசாளருக்கு ஒரு வீடு பார்ப்போம்

மும்பாய் மேயருக்கு சிவாஜி பார்க் கடற்கரையோரம் அருமையான பங்களா இருந்தது. அதை பால் தாக்கரே நினைவிடத்துக்குக் கொடுத்துவிட்டு, 2019இல் மேயரைப் பைக்குலா மிருகக்காட்சிச்சாலை வளவுக்குள் இருந்த பங்களாவுக்கு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தில் பெங்குயின்கள். மனுக் கொண்டு வருபவர்கள் எந்த வாசலில் டிக்கெட் எடுத்தார்களோ! நியூயோர்க் கிரேசி மாளிகை மட்டும் என்ன? 1799இல் கட்டிய வீடு; 1942இல் மேயர் லாகார்டியா குடிபோவதற்கு முன்பு ஐஸ்கிரீம் கடையாகவும் இருந்தது, பூங்காவின் கழிப்பறையாகவும் இருந்தது.

மஸ்கெலியாவில் மேயர் இல்லை. 2018இல் கிடைத்த பிரதேச சபையும் அதற்கொரு தவிசாளரும் உண்டு. அவருக்கும் சரித்திர வீடு ஒன்று வேண்டாமா என்று நானாகவே தேட ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை.

பழைய மஸ்கெலியா டவுனில் சரித்திரத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1969 முதல் அது மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. கடும் வறட்சியில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் தலைகாட்டும். தவிசாளர் அங்கே குடியிருந்தால் மழை பெய்யாத வருஷம் பார்த்துத்தான் சபையைக் கூட்டலாம்.

அடுத்தது துரை பங்களா. காசல்ரீப் பக்கம் நல்ல பங்களாக்களெல்லாம் ஹோட்டலாகிவிட்டன. ஒரு ராத்திரி தங்கினால் ஒரு தெருவின் விளக்குக் காசு போய்விடும்.

மிச்சம் லயம்தான். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், அசல் கருங்கல் சுவர், தலைமுறை தலைமுறையாக ஆட்கள் பிறந்த காம்பரா. வேறு ஊரென்றால் வாசலில் பித்தளைப் பலகை மாட்டியிருப்பார்கள். வெளிநாட்டுத் தூதர் வந்தால் இஸ்தோப்பில் உட்காரவைத்து சாயத்தண்ணி கொடுக்கலாம். கால் நீட்ட மட்டும் இடமிருக்காது.

ஒரே சிக்கல் சட்டம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கக் குறுக்கே நின்றது. 2018இல்தான் திருத்தினார்கள். அதற்கு முன்பென்றால் தவிசாளர் தன் வீட்டு வாசல் ரோட்டுக்கே கல் போட முடியாமல் திண்டாடியிருப்பார். இப்போது ரோட்டுக்கு வழி பிறந்துவிட்டது. காம்பரா இன்னும் கம்பனியுடையது. ஆணி அடிக்கவும் ஆபீசுக்குப் போய் நிற்க வேண்டும்.

திட்டத்தை அத்தையிடம் சொன்னேன். ஒழுகும் இடத்துக்குச் சட்டியை நகர்த்திவிட்டுக் கேட்டார்: "அவரு எப்ப வாராராம்? வாறப்ப ரெண்டு தகரம் எடுத்துட்டு வரச் சொல்லு."