192 கோர், ஒரு சம்பளப் பட்டியல்

சர்வர் சிப் போட்டி நீடூழி வாழ்க! 1972இலேயே பினாங்கில் கடை விரித்த இன்டெலும் ஏஎம்டியும் நமக்காக எப்படியெல்லாம் பாடுபடுகிறார்கள். 2017இல் ஏஎம்டியின் எபிக் சிப்பில் 32 கோர், 2024இல் 192. அதே ஆண்டில் இன்டெல் தன் ஜியோனில் 128 கோர் வைத்தது. உச்ச மாடல்கள் இரண்டும் 500 வாட் குடிக்கும். அதில் மட்டும் முழுச் சமத்துவம்.

சுபாங் ஜெயா எஸ்எஸ்15இல் ஒரு கம்பெனி, காலத்தோடு ஓட வேண்டாமா, 192 கோர் சர்வரையே வாங்கிப் போட்டது. வேலை: மாதம் ஒருமுறை இருபது பேருக்குச் சம்பளக் கணக்கு. ஒரு கோர் வேலை பார்க்கும். 191 கோர் கோயில் கமிட்டிபோல் மேற்பார்வை செய்யும். சர்வர் அறையில் இரவும் பகலும் ஏர்கோன். மத்தியானம் தபாவ் பண்ணிய நாசி லெமாக் பொட்டலத்தோடு கிளார்க்குகள் ஒதுங்குவதும் அங்கேதான். முதலீடு வீண் என்று யார் சொன்னது?

பிறகுதான் மென்பொருள் லைசென்ஸ் பில் வந்தது. கட்டணம், கோருக்கு இவ்வளவு என்று.

இப்போது சம்பளம் ஒரு பழைய லேப்டாப்பில் ஓடுகிறது. 2026க்கு 256 கோர் என்று ஏஎம்டி அறிவித்ததும் முதலாளி கொட்டேஷன் கேட்டுவிட்டார்.