கணவரின் சம்மதத்துடன் எழுதிக்கொள்வது

யாழ்ப்பாணம்,
2023 ஆவணி.

பெருமதிப்புக்குரிய சட்டத்தரணியும் பிரசித்த நொத்தாரிசுமாகிய ஐயா அவர்கட்கும், அவரின் கந்தோரை உண்மையில் நடத்துகின்ற கிளாக்கர் தம்பிக்கும்,

இந்தக் கடிதத்தை எழுத என் கணவர் சம்மதித்துள்ளார். அவரின் எழுத்துமூலச் சம்மதம் இணைப்பு 1. அதை எழுதியவள் நான்தான். அவர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்ததால் காட்டிய இடத்தில் ஒப்பம் மட்டும் வைத்தார்.

போன வெள்ளிக்கிழமை உங்கள் கந்தோரில் வாங்கிலும் வாசற்படியிலும் ஆட்கள் நிறைந்திருந்த நேரத்தில், கிளாக்கர் தம்பி என் சீதன உறுதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாக, "அம்மா, இது உங்களாலை ஏலாது. ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலம் முழுவதும் குழப்படி செய்த பொடியங்களிடம் "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லி வந்தவள் நான். தம்பியும் என் பழைய மாணவராக இருந்தால், அந்தக் கடன் வட்டியோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுகிறேன்.

என் கணவராகிய ஐயா வந்தார். வந்ததும் அவருக்குக் கதிரை வந்தது. மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. தேத்தண்ணியும் வந்தது. தோம்பு பார்க்கக் காசு கட்டியவளும், உறுதி எழுதக் காசு கட்டியவளும், காணியைக் கொடுக்கப்போகிறவளும் ஆகிய நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "ஐயா, உங்களுக்கு இதிலை சம்மதம்தானே?" என்று நீங்கள் மிகுந்த பணிவோடு கேட்டீர்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "இஞ்சரும், இது எந்தக் காணி?" என்றார். புளியடிக் காணி என்றேன். "ஓ, அதுவே? சம்மதம், சம்மதம்" என்றார். அத்தோடு சட்டம் திருப்தியடைந்தது.

அவரில் ஒரு பிழையும் இல்லை. சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்பதையே இன்றுவரை என்னிடம் கேட்டு அறிகிற அப்பாவி மனிதர். 4 பரப்பு நிலத்தின் தலைவிதி தன் பேனா முனையில் தொங்குகிறது என்று தெரிந்திருந்தால் அன்றைக்குச் சவரமாவது செய்துகொண்டு வந்திருப்பார்.

ஐயா, உங்கள் பெயர்ப்பலகைக்கு நான் பரம ரசிகை (ரசிப்பதற்கான சம்மதம்: இணைப்பு 2). சிவில், குற்றவியல், உறுதி, மரணசாதனம், பாகப்பிரிவினை, தாபரிப்பு, விவாகரத்து, வாகன விபத்து, அற்றோர்ணித் தத்துவம், சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு. அடியில் சின்ன எழுத்தில் போட்டோக்கொப்பி. பிறப்புச் சான்றிதழில் இராசம்மாவாகவும் அடையாள அட்டையில் ராசம்மாவாகவும் இருப்பவள் ஒருத்தியேதான் என்று ஒரே தாளில் நிறுவிவிடுகிறீர்கள். ஸ்காபரோவில் பனி வழித்துக்கொண்டிருக்கும் தம்பியின் கையை உடுவிலில் இருக்கும் அக்காவின் கையாக்குகிறீர்கள். பத்து வருடத்துக்கு முதல் இரவோடிரவாக வேலியைத் தள்ளிப் போட்டவருக்கு, 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்து விரித்து ஆட்சியுரிமை வாங்கிக் கொடுக்கிறீர்கள். முந்தி அப்புக்காத்து வேறு, பிரக்கிராசி வேறு. 1974இல் இரண்டையும் சேர்த்துச் சட்டத்தரணி ஆக்கினார்கள். நீங்கள் அதோடு நில்லாமல் போட்டோக்கொப்பிக்காரரையும் சேர்த்துக்கொண்டீர்கள். இவ்வளவும் முடிகிற கந்தோரில் முடியாத காரியம் ஒன்றே ஒன்றுதான்: பேரப்பிள்ளை கண்ட மனுஷி ஒருத்தி, தாய் தந்த காணியை மகளுக்குக் கொடுப்பது.

நீங்கள் மேசையில் விரித்து வைத்த பழைய உறுதிகளை நானும் எட்டி வாசித்தேன் (எட்டுவதற்கும் வாசிப்பதற்கும் தனித்தனிச் சம்மதம்: இணைப்பு 3, 4). அம்மம்மா அம்மாவுக்குக் கொடுத்தது. அம்மா எனக்குக் கொடுத்தது. இனி நான் மகளுக்கு. இந்தக் காணி ஒருநாளும் ஓர் ஆணின் பெயரில் இருந்ததில்லை. ஆனால் ஒவ்வொரு உறுதியிலும் ஓர் ஆண் வந்து குந்தியிருக்கிறார். அம்மா எழுதியதில் அப்பா சம்மதித்திருக்கிறார். அம்மம்மாவுக்கு எழுத வராது, பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறா. அதற்குப் பக்கத்தில் அம்மப்பா முத்துமுத்தாகச் சம்மதித்திருக்கிறார். "எங்கடை பொம்பிளையளுக்கு அந்தக் காலத்திலேயே சொத்துரிமை இருந்தது" என்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மேடை போட்டு மார்தட்டுகிறோமே, அது உண்மைதான். பெட்டகம் எங்களுடையது. திறப்பு மட்டும் அவர்களிடம்.

இதெல்லாம் நீங்கள் உண்டாக்கிய சட்டமல்ல என்பதை அறிவேன். ஒல்லாந்தத் தேசாதிபதி கோர்ணேலிஸ் யோவான் சைமன்ஸ் கேட்டதற்காக, திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் எங்கள் வழக்கங்களை எழுதிக் கொடுத்தார். அதைத் தமிழில் பெயர்த்து 12 முதலிமாருக்குக் காட்ட, அவர்கள் பார்த்துச் சரியென்றார்கள். பன்னிருவருக்கும் மீசை இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன் (ஊகிக்கச் சம்மதம்: இணைப்பு 5). 1806இல் ஆங்கிலேயர் தேசவழமை என்ற அந்தத் தொகுப்பைச் சட்டமாக ஏற்றார்கள். 1911இல் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் 6ஆம் பிரிவு வெகு தாராளம். மனைவியின் சொத்து மனைவிக்கே சொந்தம் என்கிறது. நகையை விற்கலாம், மாட்டை விற்கலாம், அலுமாரியை விற்கலாம். அசையாத சொத்து என்றால் மட்டும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1947இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள், கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்தாகிய தேடியதேட்டத்தைத் திருத்தினார்கள், இந்தச் சம்மதத்தைத் தொடவில்லை. கணவன் தன் முதிசக் காணியை விற்கும்போது மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

1923இல் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம் வந்து, நாட்டிலுள்ள மற்றப் பெண்கள் பலரின் கையை அவிழ்த்துவிட்டது. தேசவழமைக்கு உட்பட்டவர்களை அதிலிருந்து பத்திரமாக ஒதுக்கி வைத்தார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவோ அதைவிடச் சுவாரசியம். மட்டக்களப்புப் பெண் ஒருத்தி யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டினால், தாலி ஏறிய கையோடு அவளும் தேசவழமைக்குள் வந்துவிடுவாள். எங்கள் பெண் ஒருத்தி மட்டக்களப்பு மாப்பிள்ளையைக் கட்டினால், அந்தக் கலியாணம் நிலைக்கும்வரை அவளுக்கு விடுதலை. ஆகவே உங்கள் பெயர்ப்பலகையில் போட்டோக்கொப்பிக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கிறது: "காணியுள்ள பெண்களுக்கு மாப்பிள்ளை ஆலோசனை." தரகுக் காசு தனி.

நாட்டு நடப்பையும் ஒருக்கால் சொல்லுகிறேன் (அரசியல் பேசச் சம்மதம்: இணைப்பு 6, இதற்குக் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது). 1931இல் இந்த நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது. வாக்குச்சீட்டில் கணவனின் ஒப்பம் கேட்கவில்லை. 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற்பெண் பிரதமரானார். 1972இல் அவரின் அரசு காணிச் சீர்திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்து, 50 ஏக்கருக்கு மேல் தனியார் வைத்திருந்த நிலத்தை எடுத்தது. அவ்வளவு நிலத்தையும் எடுக்க ஒரு பெண்ணின் அரசாங்கத்துக்கு எவரின் கணவரும் சம்மதம் தரவேண்டியிருக்கவில்லை. நான் கொடுப்பது 4 பரப்பு. ஏக்கரில் கால்வாசி. அதுவும் எடுக்கவில்லை, கொடுக்கிறேன்.

என் கணவர் தேத்தண்ணியோடு சம்மதித்தார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. சுவிசில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு, ஊரில் உள்ள மனைவி தன் சீதனக் காணியை விற்க ஒப்பம் கேட்டால், "என்ரை பங்கு எவ்வளவு?" என்று வட்ஸ்அப்பில் விலை பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பங்கே இல்லாத காணியில் பங்கு. அப்படிப்பட்டவர்களின் ஒப்பமும் உங்கள் கந்தோருக்கு உச்சிதமான ஒப்பம்தான். தூதரக முத்திரை தெளிவாக இருந்தால் போதும்.

ஆனால் ஐயா, என் பின்னால் ஒருத்தி நின்றாள். அவளும் தாய் கொடுத்த காணி உறுதியோடுதான் வந்திருந்தாள். மகளின் படிப்புக்காக ஒரு துண்டை விற்கவேண்டும். தம்பி தலை நிமிராமலே "அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். அவர் இல்லை என்றாள். "வெளிநாடோ?" இல்லை. 2009 வைகாசியில் வட்டுவாகலில் ஆமியிடம் சரணடையப் போனவர், திரும்பி வரவில்லை என்றாள். தம்பி அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்ப மரண அத்தாட்சிப் பத்திரம் எடுத்துக்கொண்டு வாங்கோ, வேலை லேசு" என்றார்.

வேலை லேசு!

தாய் தந்த நிலத்தை விற்றுப் பிள்ளையைப் படிப்பிக்க, புருஷன் செத்துவிட்டான் என்று அவள் தன் கையால் எழுதிக் கொடுக்கவேண்டுமா? 2017 மாசியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மாரும் மனைவிமாரும் தெருவோரக் கொட்டில்களில் காணாமற்போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு இருப்பது எதற்காக? அந்தப் பத்திரத்தை வாங்கமாட்டோம் என்பதற்காகவும்தானே? காணாமற்போனவர் என்று சான்றிதழ் கொடுப்பதற்கு 2016இலேயே சட்டம் வந்துவிட்டது. அதை அவளுக்குச் சொல்ல அந்தக் கந்தோரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. அவனைக் கொண்டுபோனவர்களிடம் ஒருவரும் ஒப்பம் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் கேட்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவேண்டும். கை கொஞ்சம் தவறிப் போய்விட்டது. மேலே உள்ள பந்திக்கான சம்மதம் இன்னும் கைக்கு வரவில்லை. வந்ததும் இணைப்பு 7 ஆகப் பதிவுத்தபாலில் அனுப்புவேன். உங்கள் சட்ட ஞானத்தில் எனக்குள்ள பக்தி ஒரு துளியும் குறையவில்லை.

குறையாததற்குக் காரணம், உங்களுக்கு 8ஆம் பிரிவும் தெரியும் என்பதே. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம். கணவன் கைவிட்டுப் போயிருந்தாலும், இருவரும் இசைந்து பிரிந்திருந்தாலும், இரண்டு வருடத்துக்கு மேல் சிறையிலிருந்தாலும், சித்தசுவாதீனம் இழந்திருந்தாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நியாயமில்லாமல் சம்மதம் தர மறுத்தாலும் மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அவனின் சம்மதம் இல்லாமலே கொடுக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். "இருக்குமிடம் தெரியாதவன்" என்று எழுதியவர்கள், மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப்போய்க் கடிதம் போட மறந்த கணவனைத்தான் நினைத்திருப்பார்கள். வட்டுவாகலை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கதவு இருக்கிறது. அவளுக்கு அந்தக் கதவைக் காட்டாமல் வாசற்கதவைக் காட்டினீர்கள்.

ஆகவே ஒரு சின்ன விண்ணப்பம். உங்கள் சுவரில் பட்டமளிப்புப் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்த 8ஆம் பிரிவைத் தமிழில், வாங்கிலிருந்து வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் அடித்து மாட்டுங்கள். மனுப் போட என்ன செலவு என்பதையும் கீழே போடுங்கள். நீதிபதிக்குத் தெரிந்ததும் உங்களுக்குத் தெரிந்ததும் வாங்கில் இருப்பவளுக்கும் தெரியட்டும். போட்டோக்கொப்பி மெசின் உங்களிடமே இருக்கிறது. செலவில்லை. மாட்டுவதற்கு உங்கள் வீட்டு அம்மாவின் சம்மதம் தேவையா என்று நான் கேட்கமாட்டேன். ஆண்களிடம் அப்படிக் கேட்கிற வழக்கம் எங்கள் சட்டத்தில் இல்லை.

கடைசியாக ஒரு தொழில் விஷயம். 6ஆம் பிரிவின் இறுதியில் எனக்கு ஒரு சலுகை ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தேன். மரணசாதனத்தால் கொடுப்பதென்றால் கணவனின் சம்மதம் தேவையில்லை. உயிரோடு இருக்கும்வரை கேட்டுக் கேட்டுக் கொடுக்கவேண்டும்; செத்த பிறகு என் இஷ்டம். இப்படியொரு சுதந்திரத்தை வீணாக்கக்கூடாது. மிஞ்சியிருக்கும் வீட்டு வளவை மரணசாதனத்தில் எழுதிவிடப் போகிறேன். இதற்கு இணைப்பு எதுவும் இல்லை.

அதற்காக உங்கள் வாசலுக்கு மறுபடியும் வந்து தொல்லை தரவும் மாட்டேன். 1840ஆம் ஆண்டின் மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தில், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் மரணசாதனம் எழுதலாம் என்றிருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் வாசிக்கத் தெரிந்த, வாயை மூடி வைத்திருக்கவும் தெரிந்த ஐந்து பெண்களைப் பிடித்துவிட்டேன். ஞாயிறு பின்னேரம் வருகிறார்கள். எல்லாருக்கும் கதிரை போட்டிருக்கிறேன். சாட்சி ஒப்பம் வைக்க அவர்கள் தங்கள் தங்கள் கணவர்மாரைக் கேட்கவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பார்த்துவிட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் சேவையில் மெய்சிலிர்த்த
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி