கழுகுமலைத் தேர்வுக் குழு

ஆக்கிக் கோச்சைக் குறை சொல்ல வேண்டுமென்றால் கழுகுமலைக்காரருக்குச் சிரமமில்லை. பஸ் ஏறிக் கோவில்பட்டியில் இறங்கினால், கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரையில் ஆளைப் பார்த்து முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரலாம். மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தியும் 2022 ஆசியக் கோப்பைக்குப் போனது அங்கே பயிற்சி எடுத்துத்தான் என்பதால், குறை அகப்படுவதுதான் கஷ்டம்.

ஆனால் நம்மாள் கால்பந்து ரசிகர். அதிலும் சென்னையின் எஃப்.சி. ரசிகர்.

தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். சாரத்துக்கு மேலே நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்தாரென்றால், எங்கோ புதுக் கோச் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். யார் பெயர் வந்தாலும் முதல் வார்த்தை, "நாசமாப் போச்சு." வெள்ளைக்காரர் வந்தால், "நம்ம வெயிலத் தாங்குவானாவே?" உள்நாட்டுக்காரர் வந்தால், "துட்ட மிச்சம் பிடிக்கானுவ." பேர்போன ஆட்டக்காரர் வந்தால், "ஆடத் தெரிஞ்சவனுக்கு ஆட்டுவிக்கத் தெரியுமா?" 2015-இல் முதல் கோப்பையை வாங்கித் தந்த மாட்டராஸி, உலகக் கோப்பை ஆடி ஜெயித்தவர். அந்தப் பேச்சை எடுத்தால் டீ ஆறிவிட்டது என்பார்.

ஓவன் காயில் விஷயம் தனிக் கதை. 2019 டிசம்பரில் வந்தவர், துவண்டு கிடந்த அணியை 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். கோவாவில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றதும் ஜாம்ஷெட்பூருக்குப் போய், 2021-22 லீக் கேடயத்தை அங்கே வாங்கிக் கொடுத்தார். "கையில கிடைச்ச ஆள விட்டுட்டானுவளே!" என்று லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் என வந்தவர்கள் காலம் முழுக்க ஒரே புலம்பல். 2023-இல் அதே காயில் திரும்பி வந்தார். கடலை மிட்டாய் கொடுப்பார் என்று கடையே காத்திருந்தது. "ஆறின சோறுவே" என்றார் நம்மாள். 2024-25இல் பதின்மூன்று அணிகளில் பதினோராவது இடம் வந்தபோது, தோற்ற துக்கத்தைவிடத் தன் வாக்குப் பலித்த சந்தோஷம்தான் முகத்தில் கூடுதலாகத் தெரிந்தது.

இந்திய அணிக்கும் கோச் தேர்வு செய்வது இவர்தான். மனோலோ மார்க்கேஸ் விலகி, 2025 ஜூலையில் 170 விண்ணப்பங்கள் வந்து, அதில் பார்சிலோனா சாவியின் பெயரும் இருப்பதாகச் செய்தி அடிபட்டதே, அன்றைக்கு நாலு டீ கிளாஸை மேஜையில் நகர்த்தி நகர்த்திச் சிறு சிறு பாஸ் விளையாட்டைக் கடைக்காரருக்கு விளக்கினார். ஓரிரு நாளில், சாவி பெயரில் வந்த மின்னஞ்சல் உண்மையானது அல்ல என்று கால்பந்துக் கூட்டமைப்பு அறிவித்தது. வேறு யாராக இருந்தாலும் கூச்சப்படுவார்கள்.

"மெயிலு பொய்யாவே இருக்கட்டும். ஒரு போனப் போட்டுக் கேட்டிருக்கலாம்லா?"

ஆகஸ்ட் 1-ஆம் தேதி காலித் ஜமீல் பெயர் வந்தது. ஐஸாலை 2017-இல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கியவர். வந்த வேகத்தில் மத்திய ஆசியப் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார். "பெனால்டி கோச்சு கணக்குல வராது" என்று தள்ளிவிட்டார் நம்மாள். நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றது மட்டும் முழுக்கக் கோச் கணக்கில் வரவானது.

"சரி அண்ணாச்சி, யாரத்தான் போடணும்ங்கிய?" கடைக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஜான் கிரகரி. 2018-ல கப்பு தந்த மனுசன்."

"அடுத்த சீசன்லயே கடைசி இடம் வந்து, 'இந்தாள மொதல்ல வெரட்டுங்கடா'னு இதே பெஞ்சுல நீங்கதான கத்துனிய?"

"அது அப்பம்வே. சீனி கம்மியா ஒரு டீ போடும்."