பதிமூன்று பர்சென்ட்

எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், பையன் என்ன வேலை என்று கேட்டவர்களிடம் அம்மா, "ஃபுட் பிராசஸிங் மாதிரி ஒரு லைன்ல இன்ஜினீயரா இருக்கான்" என்று சொல்லிவைத்திருந்தாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. பிராசஸிங் உண்டு. லைன் உண்டு. இன்ஜினீயரும் ஏறக்குறைய உண்டு. ஃபுட் மட்டும்தான் கிடையாது.

நான் இருந்தது சிகரெட் தொழிற்சாலையில். 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் 15 சதவீதத்தில்தான் என் சம்பளம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் புகைக்கிற பழக்கம் இல்லை என்பதைப் பெண் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "அப்புறம் அங்க என்னதான் பண்றீங்க?" என்றார் பெண்ணின் சித்தப்பா. "காய வைக்கிறேன்" என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு காய்ந்தது.

உண்மையைத்தான் சொன்னேன். சிகரெட் சுற்றும் மெஷின்களுக்கு முந்தின கட்டம் ஒன்று உண்டு. பிரைமரி என்பார்கள். இலையை நனைப்பது, நறுக்குவது, உதிர்ப்பது, உலர்த்துவது. கடைசி இரண்டும் என் பொறுப்பு. கேட்பதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அதனால்தான் சேர்ந்த புதிதிலேயே மீட்டிங்கில் கையைத் தூக்கினேன். "சார், நாமளே நனைக்கிறோம், நாமளே உலர்த்துறோம். நனைக்காமலே விட்டுட்டா டிரையரே தேவையில்லையே. ஸ்டீம் மிச்சம்." செலவைக் குறைக்க யோசனை சொல்கிறவர்களுக்குப் பரிசு என்று நோட்டீஸ் போர்டில் போட்டிருந்தார்கள்.

மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. பெட்டியில் வந்தபடியே இருந்த காய்ந்த இலை ஒன்றை வரவழைத்து என் கையில் கொடுத்து, "மடிங்க" என்றார். மடித்தேன். என் புது பேன்ட் முழுக்கத் தூள். "இதைத்தானே கத்திக்குக் கொடுக்கச் சொல்றீங்க?" அந்த மாதப் பரிசு, கேன்டீன் லைட்டைப் பகலில் அணைக்கச் சொன்னவருக்குப் போயிற்று.

விஷயம் இதுதான். இலையில் 20 சதவீதம் போல ஈரம் இருந்தால்தான் கத்தி பட்டதும் நொறுங்காமல் நறுக்குப்படும். அந்த ஈர இலையை மேலும் கீழும் ஓடும் செயின்களுக்கு நடுவே விட்டு, கெட்டிக் கட்டியாக அழுத்தி, சுழலும் கத்தி டிரம்மிடம் கொடுப்பார்கள். அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் சீவித் தள்ளும். அழுத்திச் சீவியதால் இழையெல்லாம் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே வெளியே வரும். முதலில் அதை உதிர்த்துப் பிரிக்க வேண்டும். பிறகு ஸ்டீம் காட்ட வேண்டும். இலையின் செல்கள் உப்பிக்கொள்ளும். உப்பினது அமுங்குவதற்குள் சூட்டில் உலர்த்திவிட்டால் அப்படியே நின்றுவிடும்.

உப்பின புகையிலை குறைந்த எடையில் நிறைய இடத்தை அடைக்கும். ஆக, சிகரெட் வாங்குகிறவர் கொடுக்கிற காசில் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கை எவ்வளவு கூட்டினோம் என்பதுதான் எங்கள் டிபார்ட்மென்ட்டின் சாதனை. இதை நான் பெண் வீட்டில் சொல்லவில்லை.

உலர்த்துகிற டிரம் என்பது லேசாகச் சரிந்து படுத்திருக்கும் பெரிய இரும்பு உருளை. மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். சுவர் ஸ்டீமில் சூடாகியிருக்கும். உள்ளே பொருத்தின தகடுகள் புகையிலையை வாரி மேலே கொண்டுபோய்க் கொட்டும். கூடவே சுடுகாற்று. 20 சதவீத ஈரத்தோடு நுழைவது, மறுமுனையில் 13-ல் வெளியே வர வேண்டும். கூடினால் சுற்றுகிற மெஷினில் போய் அடைக்கும், பூஞ்சையும் வரும். குறைந்தால் தூள். இந்தப் பதிமூன்றுதான் என் வாழ்க்கை லட்சியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சையில் அதைவிடக் குறைவாகவும் நான் வாங்கியிருக்கிறேன் என்பதை யாரும் விசாரிக்கவில்லை.

விசாரித்திருக்கலாம். எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும் என்ற கணக்கை என்னிடம் கொடுத்தார்கள். இருபதிலிருந்து பதிமூன்று போனால் ஏழு. ஆகவே 100 கிலோவுக்கு 7 கிலோ தண்ணீர். நீங்களும் அப்படித்தானே போட்டீர்கள்? வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

100 கிலோவில் காய்ந்த சரக்கு 80. அது எங்கேயும் போகாது. கடைசியில் அந்த 80 கிலோ, மொத்தத்தில் 87 சதவீதமாக நிற்க வேண்டும். அப்படியானால் வெளியே வருவது 92 கிலோ, போகவேண்டிய தண்ணீர் 8. ஒரு கிலோதானே என்பீர்கள். எங்கள் டிரம்மில் மணிக்கு 5 டன் ஓடும். மணிக்கு 50 கிலோ தண்ணீரை நான் பேப்பரிலேயே தொலைத்துவிட்டு, ஈரம் ஏன் இறங்கமாட்டேன் என்கிறது என்று காலையிலிருந்து ஸ்டீம் வால்வைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிரையரில் ஒரு ஆபரேட்டர் இருந்தார். தர்மபுரிப் பக்கம். எனக்கு அப்பா வயசு. என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். வெளியே வரும் பெல்ட்டுக்கு மேலே ஒரு மீட்டர் தொங்கும். அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வருகிற ஒளியை வைத்து ஈரம் எவ்வளவு என்று சொல்லும். அதற்குக் கொஞ்சம் தள்ளி அவர் கை ஒரு பிடி அள்ளும். இறுக்கிப் பிடித்து, விரலைத் திறப்பார். புகையிலை மெல்ல விரிந்து எழுந்தால் சரியாக இருக்கிறது. உருண்டையாகவே கிடந்தால் ஈரம். உள்ளங்கையில் நொறுங்கினால் காய்ந்துவிட்டது. "பன்னெண்டே முக்கால்" என்பார். மீட்டர் 12.8 காட்டும்.

நானும் யாரும் பார்க்காதபோது பிடித்துப் பிடித்துப் பழகினேன். ஒருநாள் தைரியமாக அவர் எதிரிலேயே ஒரு பிடி அள்ளி, இறுக்கி, திறந்து, "பதினாலு இருக்கும்ணே" என்றேன். அவர் மீட்டரைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. "உங்க கை வேர்த்திருக்கு தம்பி" என்றார்.

கையை நம்பக்கூடாது, லேபை நம்புவோம் என்று அடுத்து முடிவெடுத்தேன். சாம்பிளை எடை போட்டு, ஓவனில் சில மணி நேரம் வைத்து, மறுபடி எடை போட்டால் போன தண்ணீர் தெரிந்துவிடும். இதில் தப்பு செய்ய என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. புகையிலை சுற்றியிருக்கிற காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் சிகரெட்டைச் சோதிக்கிற அறையை 22 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்று கட்டிக் காக்கிறார்கள். நான் ஆடிமழையில் சாம்பிள் டப்பாவைத் திறந்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, லேப் பெண்ணிடம் ஊர் விசாரித்துக்கொண்டிருந்தேன். ரிசல்ட் மீட்டரைவிட அதிகமாக வந்தது. மீட்டர் பொய் சொல்கிறது என்று ரிப்போர்ட் எழுதி, நல்ல மீட்டரைத் திருத்தியும் வைத்தேன். லேப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

இதெல்லாம் சில்லறை. மொத்த வியாபாரம் ஒரு நைட் ஷிஃப்டில் நடந்தது. "சாப்பிட்டு வந்துடறேன் தம்பி. பார்த்துக்குங்க. ஒண்ணும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆபரேட்டர் போனார். மீட்டர் 13.6 காட்டியது. அவர் திரும்பி வருவதற்குள் அந்த அரைப் புள்ளியை இறக்கிக் காட்டினால் என்ன என்று தோன்றியது. ஆட்டோவை மேனுவலுக்கு மாற்றி, ஸ்டீமைக் கொஞ்சம் கூட்டினேன். 13.6. இன்னும் கொஞ்சம். 13.6. மெஷினுக்கு என் மேல் மரியாதை இல்லை என்று தோன்றியது. நன்றாகவே கூட்டினேன்.

அத்தனை இரும்பும் சூடேற நேரம் பிடிக்கும். அந்தச் சூட்டில் உலர்ந்த புகையிலை டிரம்மைக் கடந்து மீட்டரடிக்கு வந்துசேர இன்னும் பல நிமிஷம். லாட்ஜ் பாத்ரூமில் வெந்நீர்க் குழாயைத் திருப்பி, சுடவில்லையே என்று மேலும் திருப்பி, பிறகு அலறியிருக்கிறீர்கள் அல்லவா? அதேதான். அங்கே வெந்தது நீங்கள் மட்டும்.

13.2 ஆயிற்று. எனக்குச் சிரிப்பு வந்தது. 12.4. சிரிப்பு நின்றது. 11. ஸ்டீமைச் சட்டென்று மூடினேன். மூடினால் இரும்பு ஆறிவிடுமா? 10. பதற்றத்தில் டிரம்முக்குள் சரக்கு வருவதையே நிறுத்தினேன். இதுதான் அன்றைய உச்சகட்ட புத்திசாலித்தனம். உள்ளே சரக்கு குறையக் குறைய, இருக்கிற கொஞ்சத்தின் மேல் அத்தனை சூடும் இறங்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஆரம்பத்தில் வருவதும் கடைசியில் வருவதும் அளவுக்கு மீறிக் காய்ந்துபோவது இதனால்தான் என்று டிரெய்னிங்கில் ஸ்லைடு போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்த ஸ்லைடின்போது சமோசா வந்திருந்தது.

அவர் சாப்பிட்டுவிட்டு வந்தபோது மீட்டர் 7 காட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிடி எடுத்தார். விரல் பட்டதுமே தூளாகி மேலே கிளம்பியது. இரண்டு பேரும் தும்மினோம். அவர் கோபப்படவில்லை. சரக்கைத் திறந்துவிட்டார். ஆட்டோவில் போட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அது பாட்டுக்கு 13-க்கு வந்து உட்கார்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்டீங்களா சார்?" என்றார். அன்றிலிருந்து நான் தம்பி இல்லை.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற அக்காக்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. தூள் காய்ந்திருந்தால் விரலுக்குத் தெரியும், பிடியை மாற்றிக்கொள்ளும். 1881-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் பான்சாக் என்பவர் நிமிஷத்துக்கு 200 சிகரெட் சுற்றுகிற மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கினார். விரலின் வேலை அத்தோடு போயிற்று. மெஷினுக்கு எல்லாம் ஒரே பதத்தில் வந்தாக வேண்டும். இன்றைக்கு நிமிஷத்துக்குப் பத்தாயிரம் ஓட்டுகிற மெஷின்கள் இருக்கின்றன, பதமோ இன்னும் கறாராகிவிட்டது. பேட்டன்ட் வாங்கியபோது பான்சாக்குக்கு 21 வயசு. அந்த வயசில் நான் அரியர் எழுதிக்கொண்டிருந்தேன்.

உலர்த்துவதில் கை வைக்கக் கூடாது என்று ஆனபின் உதிர்ப்பதில் இறங்கினேன். சீவின அடுக்குகளைப் பிரிக்க முள் பதித்த உருளைகள் உண்டு. கட்டியைக் கிளறி இழை இழையாக்கும். சில கட்டிகள் தப்பி வந்துகொண்டிருந்தன. உருளையின் வேகத்தைக் கூட்டினேன். ஒரு கட்டி இல்லை. போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன். மேனேஜர் கட்டைவிரல் காட்டினார். அந்தக் கட்டைவிரலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கும் அனுப்பினேன்.

மறுநாள் சிகரெட் சுற்றுகிற பகுதியிலிருந்து ஒருவர் டப்பாவோடு வந்தார். உள்ளே நுனி கொட்டிப்போன சிகரெட்டுகள். முள் அடித்த அடியில் நீள இழையெல்லாம் குட்டையாகிவிட்டது. குட்டை இழை சிகரெட்டுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்காது, நுனி வழியே கொட்டிவிடும். "உதிர்க்கச் சொன்னா அரைச்சு வெச்சிருக்கீங்களே சார்" என்றார். குரூப்பில் கட்டைவிரல் இன்னும் இருந்தது. மேனேஜர் அதை எடுத்துவிட்டதை நான் சாயங்காலம்தான் கவனித்தேன்.

'புகையிலை விரிச்சா போச்சு' என்று ஊரில் ஒரு பழமொழி உண்டு. அதன் மறுபாதியை இன்றைக்கு வாய்விட்டுச் சொன்னால், சொன்னவர்தான் போச்சு. முதல் பாதி மட்டும் அப்பட்டமான இன்ஜினீயரிங். விரித்தால் ஈரம் போகும், வாசனை போகும். என் அம்மாவழித் தாத்தா வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை போட்டவர். புகையிலைக்கென்றே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் வைத்திருந்த ஊர் அது. மடியில் வைத்திருக்கிற புகையிலையில் வேண்டியதை மட்டும் கிள்ளிவிட்டு உடனே மடித்துவிடுவார். நான் என் வேலையை விளக்கினேன்: நறுக்கி, விரித்து, ஊதி, காய வைக்கிறோம். முழுக்கக் கேட்டார். "இதுக்கு உனக்குச் சம்பளமும் குடுக்கறாங்களா?" என்றார்.

ஒரே ஒரு தடவை டிரெய்னிங்கில் நல்ல கேள்வி கேட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். புகையிலையை உப்பவைக்க இன்னொரு வழி உண்டு. திரவ கார்பன் டை ஆக்ஸைடில் புகையிலையை அழுத்தத்தில் ஊறவைத்து, அழுத்தத்தை விடுவித்தால் அந்தத் திரவம் உள்ளுக்குள்ளேயே டிரை ஐஸாக உறைந்துவிடும். புகையிலை கட்டியாக இறுகி வெளியே வரும். அதை உடைத்து உதிர்த்து, 300 டிகிரியை ஒட்டின சூட்டில் சில நொடி காட்டினால் உள்ளே இருக்கிற ஐஸ் வாயுவாகச் சீறும், புகையிலை ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பும். "அத்தனை சூட்டில் பற்றிக்கொள்ளாதா?" என்று கேட்டேன். ஆக்ஸிஜன் அதிகம் இல்லாமல் பெரும்பாலும் ஸ்டீமாகவே வைத்திருப்பதால் பற்றாது என்று விளக்கிவிட்டு, "குட் கொஸ்டின்" என்றார் பாடம் எடுத்தவர். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், மிச்சமாகிற ஐஸைக் கேன்டீனுக்குக் கொடுப்பீர்களா என்று அடுத்ததையும் கேட்டுவிட்டேன்.

கொஞ்சகாலம் கழித்துப் புது டிரையர் வந்தது. டிரம் இல்லை, கோபுரம். வேகமாகப் பாயும் சூடான காற்றும் ஸ்டீமும் புகையிலையைக் குழாய்க்குள் தூக்கிக்கொண்டு ஓடும். சில நொடிகளில் உலர்ந்து, சைக்ளோனில் காற்று தனியாகவும் சரக்கு தனியாகவும் பிரியும். எனக்காகவே செய்ததுபோல இருந்தது. கூட்டினால் உடனே தெரியும், குறைத்தாலும் உடனே தெரியும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்க்ரீனில் மேனுவலுக்கு மாற்ற ஒரு பாஸ்வேர்ட் வைத்தார்கள். அதை யார் யாருக்குக் கொடுப்பது என்று ஷிஃப்டுக்கு ஒரு லிஸ்ட் ஒட்டினார்கள். ஆபரேட்டர் பெயர் முதலில் இருந்தது. எலெக்ட்ரீஷியன் இருந்தார். ஹெல்ப்பர் இருந்தார். போன மாதம் சேர்ந்த அப்ரென்டிஸ் பையன்கூட இருந்தான். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் தேடிவிட்டு, என் பெயர் விட்டுப்போச்சு போலிருக்கே என்று ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"விட்டுப்போகலை சார்" என்றார்.